பால் சட்டியில் காய்ச்சிய ஜெலற்றின்

புத்தூர்
12.8.1986

என்றும் என் மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

அப்பாவின் கால் வீக்கம் வற்றியதா? நான் நல்ல சுகம். பயப்பட ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான்.

கைப்பணி வகுப்புக்காக ஜெலற்றினைக் காய்ச்சித் தட்டில் உறைய வைத்தேன். அதில் மை பூசி, பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய தாமரை அச்சை வைத்து, என்னிடம் படிக்கும் பிள்ளைகள் செய்த கடதாசியை அழுத்தினால் பூ அழகாகப் பதிகிறது. வீட்டுக்காரப் பூரணம் அக்கா ஒன்றை ஆசையாக வாங்கிச் சாமியறையில் வைத்தார்.

நேற்றுத் தட்டைக் காட்டி, “உதென்ன பிள்ளை, கண்ணாடி மாதிரி?” என்றார்.

“மாட்டெலும்புல எடுக்கிறது, அக்கா.”

“ஐயோ, என்ரை பால் சட்டியிலையோ காய்ச்சினனீ?”

தட்டோடு தூக்கிக் குப்பையில் கொட்டிவிட்டார். அவரிடம் கேட்டுத்தானே சட்டியை எடுத்தேன்! ஒரு வார வேலை, அம்மா! இப்போது எனக்குச் சோறு வாழையிலையில், வெளி விறாந்தையில்.

சாமியறைத் தாமரைக்கு மட்டும் இன்றும் பூ வைத்திருக்கிறார். அதுவும் அந்தத் தட்டில் பிறந்ததுதான் என்று சொல்ல நாக்குத் துடிக்கிறது. சொல்லமாட்டேன்.

மட்டக்களப்பிலிருந்து தம்பி வரும்போது எனக்கென்று ஒரு சட்டியும் தேத்தண்ணி குடிக்கப் பேணியும் கொடுத்துவிடுங்கள். பேணி இரண்டாக இருக்கட்டும், யாராவது வந்தால் வேண்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள்
மெற்றில்டா