வடிதாளில் விழாத தூசி

2024 மே 6, திங்கள்

அப்பா கல்மாவு ஆலையிலிருந்து வந்ததும், வழக்கம்போலக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தார். "நெஞ்சுல உள்ள தூசி எறங்கிரும்." பதினேழு வருடமாக இதே கதை. ஷிஃப்ட் முடிய ஆளுக்கொரு துண்டு முதலாளியே கொடுக்கிறார். மாஸ்க் கொடுக்க மாட்டார்.

கருப்பட்டி போவது இரைப்பைக்கு. தூசி போவது நுரையீரலுக்கு. இரண்டும் வேறு வேறு குழாய். சொன்னேன். "நீ படிச்சவன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அரைக்கும் பகுதியிலிருந்து அவரை மாற்றச் சொல்லி டொக்டர் கொடுத்த துண்டுச் சீட்டு இரண்டு மாதமாக முதலாளியின் மேசையில் கிடக்கிறது. தூசி அளவு வரம்பை விடக் கூட என்று வந்தால் மாற்றுகிறாராம். தூசி அளக்கும் எங்கள் கம்பெனியிலிருந்து புதன்கிழமை போவது நான். வரும்.

மே 8, புதன்

நான்கு பேருக்கு மாட்டினேன், அப்பாவையும் சேர்த்து. இடுப்பில் பம்ப், கொலரில் வடிதாள் வைத்த சின்னக் கூடு. அவர்கள் இழுக்கும் காற்றை எட்டு மணி நேரம் அதுவும் இழுக்கும்; தூசி வடிதாளில் படியும். அப்பாவோடு வேலை செய்யும் சுரேஸ் மாமா பம்பின் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தார். எரிச்சல் வந்துவிட்டது. "வெளையாட்டுச் சாமானா இது? பழுதானா என் வேலை போயிரும்" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மணிக்கொரு தடவை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. போகவில்லை. பன்வில பக்கம் இன்னொரு வேலை இருந்தது. மாலையில் வந்து கழற்றினேன்.

மே 14, செவ்வாய்

வடிதாள்களை எடை பார்த்தோம். நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த ஆலைக்குள் ஒரு தடவை மூச்சு விட்டவன் இதை நம்புவானா? அன்றைக்கு மெஷினை அரை வேகத்தில் ஓட்டியிருக்கிறான் முதலாளி. எங்கள் மனேஜர் ஹாஷிம் நானாவிடம் சொன்னேன்.

"ஆதாரம் ஈக்குதா? இல்லாட்டி கையெழுத்தப் போடுங்க தம்பி. ஆலை முதலாளி போன் கோல் எடுத்துட்டே ஈக்கிறார்."

போட்டேன்.

மே 27, திங்கள்

டொக்டரின் துண்டு திரும்பி வந்தது. கூடவே என் அறிக்கையின் பிரதி. தூசி வரம்புக்குள். இடமாற்றம் அவசியமில்லை. அப்பா என் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். "அழகாப் போட்டிருக்கடா."

சளி வெள்ளையாக வருவதால் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது என்று நினைக்கிறார். வருவது பெரிய தூசி மட்டும். கண்ணுக்குத் தெரியாத பொடி காற்றறை வரை போய்விடும். அங்கே காவலுக்கு நிற்கும் செல் அதை விழுங்கும். கிருமி என்றால் செரித்துவிடும். கல்லை எப்படிச் செரிப்பது? செல் சாகும், கல் வெளியே விழும், அடுத்த செல் வந்து அதே கல்லை விழுங்கும். அதுவும் சாகும். அந்த இடமெல்லாம் தழும்பு. தழும்பு மூச்சு வாங்காது.

ஜூன் 2, ஞாயிறு

சுரேஸ் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அரை வேகத்தில் ஓட்டினான் என்று நான் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லப்பா, அன்னைக்கு முழு வேகம். ரெண்டு லோட் கூட."

அப்படியென்றால்?

அப்பா பெருமையாகச் சொன்னார்: "ஒம் மெஷின்ல ஒரு பொட்டு தூசி பட விட்டனா? கொலர்ல இருந்த கூட்டுக்கு சொப்பிங் பேக்கப் போட்டு, நூலால கட்டிட்டேன். இவனுங்களுக்கும் நாந்தான் கட்டிவிட்டேன். நீ வர்ற நேரத்துக்கு அவுத்துட்டோம்."

"எங்க வாய்க்கு மூடி இல்ல, மெஷினுக்கு இருந்திச்சு" என்று சிரித்தார் மாமா.

என்ன சொல்லிக் கத்துவது — பழுதானால் வேலை போயிரும் என்று சொன்னது யார்? அவர் காப்பாற்றியது என் வேலையை.

ஜூன் 3, திங்கள்

மாதிரி எடுத்தது தவறு, அறிக்கை தவறு, பொறுப்பு என்னுடையது. கடிதம் மூன்றே வரி. ஆலைக்கும் ஒரு பிரதி.

"இத அனுப்பினா ஒங்கள வச்சிக்கேலாது. தெரியும்தானே?"

"தெரியும்."

ஹாஷிம் நானா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

ஜூன் 20, வியாழன்

வேறொருவர் வந்து அளந்தார். மணிக்கொரு தடவை உள்ளே போய்வந்தார். நான் ஆலை கேட்டுக்கு வெளியே.

ஜூலை 1, திங்கள்

வரம்பைப் போல ஐந்து மடங்கு. அப்பாவை கேட் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டையில் ஏசி திருத்துகிறேன். பரவாயில்லை.

அப்பா கேட்டடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அரைக்கும் பக்கம் போகாமல் ஆறு வாரம். வெளியே தூசி நின்றது உள்ளே இருக்கும் செல்லுக்குத் தெரியாது. வத்தேகமையில் பஸ் இறங்கி வீட்டுக்கு ஏறும் படிகளில் மே மாதம் ஒரு இடத்தில் நின்றார். இன்று மூன்று இடத்தில்.

மூன்றாவது இடத்தில், "கேட்ல நிக்கிறவனுக்குக் கருப்பட்டி இல்லியாம்டா" என்றார்.

என் பையைத் திறந்து காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, மூச்சு வரும்வரை காத்திருந்து கேட்டார்.

"எறங்கிரும்ல?"

"எறங்கிரும்ப்பா" என்றேன்.