இல்லாத கை

மார்ச் 3

என் ஈஸ்ட்டம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் "ஈஸ்ட் நலம், நானும் நலம்" என்று அந்த வரிசையில்தான் பதில் போடுவாய். அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது, இனி கடிதம்தான் என்று நாம் முடிவு செய்து எட்டு மாதமாகிறது. உன்னிடமிருந்து வந்தவை நான்கு. குறை சொல்லவில்லை. ஆனாலும் நான்கு.

புது வீடு பார்த்துவிட்டேன். இரண்டு அறை, கீழே சலவைக்கடை. மெஷின்கள் சுற்ற ஆரம்பித்தால் கட்டில் நடுங்குகிறது. மைக்ராஸ்கோப் வைக்க லாயக்கில்லாத வீடு, இருவர் குடியிருக்கத் தாராளம். ஜன்னலோரம் உனக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறேன்.

ஜூனில் என் வேலையை நிரந்தரமாக்கும் குழு கூடுகிறது. அதில் ஒருவர் இயற்பியல்காரர். "ஈஸ்ட்னா ரொட்டி மாவுல போடுவாங்களே, அதுவா?" என்றார். அதேதான் என்றேன். அந்தச் சின்னச் செல்லுக்குள் ஒரு மரபணுவை எப்போது படியெடுக்க வேண்டும் என்று முடிவு செய்யவே இருபதுக்கு மேற்பட்ட புரதங்கள் ஒன்றுகூட வேண்டியிருக்கிறது, அந்தக் கூட்டத்தின் உருவத்தை என் மனைவியும் நானும்தான் முதலில் கண்டோம் என்று சொல்லி நம் படத்தைக் காட்டினேன். தலை, உடம்பு, மரபணுவை எட்டிப் பிடிக்க நீளும் கை. "அட, கையெல்லாம் இருக்கே!" என்று அசந்துபோனார். அந்தக் கைக்காகத்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள், நிரந்தரமாக்கப் போவதும் அதற்காகத்தான்.

எப்போது வருகிறாய்? நான் இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. தேதி மட்டும் எழுது.

உன்
ஐஸ்காரன்


மார்ச் 19

அன்புள்ள ஐஸ்காரருக்கு,

மேஜை போட்டதற்கு நன்றி. இப்போதைக்குத் தேதி சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் பழைய ஃப்ரீசரைக் காலி செய்கிறார்கள், நான் பக்கத்தில் நிற்காவிட்டால் என் ஈஸ்ட்டையெல்லாம் குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

இன்னொரு சங்கதி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கையாக நீளும் அந்தப் புரதத்தின் மரபணுவை ஈஸ்ட்டிலிருந்து அடியோடு நீக்கினேன். கை இல்லாவிட்டால் கூட்டம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கத்தான். ஈஸ்ட் சாகவில்லை, சோம்பேறித்தனமாக வளர்ந்தது. இருபது லிட்டர் வளர்த்து, நான்கு நாள் ஸ்வெட்டரோடு குளிர் அறையில் நின்று, கடைசியில் ஒரு சொட்டு சுத்தமான புரதம் தேறியது. உங்கள் இடத்துக்கு வந்திருப்பவர் உங்களைப் போலவே அதை ஐஸில் உறையவைத்துப் படமெடுத்தார். நீங்கள் விட்டுப்போன கோப்புகளை வைத்தே கணக்கும் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், கையை எடுத்துட்டேன்னு சொன்னீங்களே. இங்க பளிச்னு இருக்கே! எதை எடுத்தீங்க?"

மூன்று வழிகளில் சரிபார்த்துவிட்டேன். அந்தப் புரதம் அதில் இல்லவே இல்லை. படத்தில் மட்டும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ஈஸ்ட்டம்மா


ஏப்ரல் 4

என் ஈஸ்ட்டம்மாவுக்கு,

அத்தையை ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டு. வலியை அடக்கிக்கொண்டு வீட்டு வேலையெல்லாம் செய்வார், விடாதே.

கை விஷயத்தில் பதற வேண்டாம். வேறொரு புரதம் காலி இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். பேருந்தில் நடப்பதில்லையா? கணக்கிலும் சில்லறைக் கோளாறு இருக்கலாம். நானே நிதானமாகப் பார்க்கிறேன். ஜூன் வரை இதை யாரிடமும் சொல்லாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

இங்கே வெயில் வர ஆரம்பித்துவிட்டது. உன் மேஜையில் இப்போதைக்கு என் சட்டைகள் காய்கின்றன. எப்போது வருகிறாய் என்பதற்கு நீ பதிலே எழுதவில்லை. ஃப்ரீசரைக் காலி செய்ய எத்தனை மாதம் ஆகும்?

உன்
ஐஸ்காரன்


ஏப்ரல் 13

ஐஸ்காரருக்கு,

பூசி மெழுகாதீர்கள். நானே பார்த்துவிட்டேன்.

லட்சக்கணக்கான மங்கல் படங்களை அடுக்கிச் சேர்க்க, கம்ப்யூட்டருக்கு ஒரு தொடக்க உருவம் கொடுக்க வேண்டும். அதற்கு ஏற்றாற்போல்தான் அது ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பொருத்துகிறது. நீங்கள் கொடுத்த உருவத்திலேயே கை இருக்கிறது. புரதமே இல்லாத வெறும் ஐஸைப் படமெடுத்து, அதே உருவத்தைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். வெறும் ஐஸிலும் கை முளைத்தது! உருவம் எதுவும் கொடுக்காமல், ஆறு வருடத்துக்கு முன் நாம் எடுத்த படங்களை ஓட்டினோம். தலை வந்தது, உடம்பு வந்தது. கை வரவில்லை.

போன வாரம் வேறொரு ஆய்வுக்கூடத்துப் பெண் எனக்கு எழுதியிருந்தாள். இரண்டு வருடமாக முயன்றும் தன்னால் கையைப் பார்க்க முடியவில்லையாம். "நான் எங்க தப்பு பண்றேன்னு தயவுசெஞ்சு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். என்ன பதில் எழுதுவேன்?

கையைப் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். இல்லாத கையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்தீர்களா? எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்களை நம்பி என் பெயரை முதலில் போட்டுக்கொண்டேனே!

ஈஸ்ட்டம்மா


மே 1

என் ஈஸ்ட்டம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். துறைத் தலைவரிடமும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "இதை ஜூலைல சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார். ஜூன் குழுவின் பட்டியலில் என் பெயர் இல்லை. வருடக் கடைசி வரை இருக்கலாமாம்.

காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதலில் வந்த படத்தில் கை இல்லை. அதை உனக்குக் காட்டவே இல்லை. காட்டத்தான் வந்தேன். நீ கரும்பலகையில் கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தாய். "இங்க ஒரு கை இருந்தே ஆகணும். இல்லேன்னா என் நாலு வருஷ வேலைக்கு அர்த்தமே இல்ல" என்றாய். நான் திரும்பிப் போய், நீ வரைந்ததைப் பார்த்தே தொடக்க உருவத்தைச் செய்தேன். கை வந்தது. அதைப் பார்த்து நீ நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாய். அடுத்த வாரம் கல்யாணத்துக்குச் சரி என்றாய். அதற்குப் பிறகு பழைய படத்தை எடுத்து உன் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் ஒரு வருடம் எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு நானே நம்பிவிட்டேன்.

இனி என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. எப்போது வருகிறாய்?

உன்
ஐஸ்காரன்


மே 16

அன்புள்ள ஐஸ்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. பிறகு காரணம் எழுதும் இடத்தில் எழுதினேன்: "முதல் பெயருக்குரியவர் எதிர்பார்ப்பின்பேரில் வரைந்த படமே தொடக்க உருவமாகக் கொள்ளப்பட்டது." முதல் பெயர் என்னுடையது. பழியில் பாதி எனக்கும் சேர வேண்டும். நேற்று அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் எழுதினேன், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று.

உங்கள் வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்ததைக் காட்டினால் போதும் என்று ஆறு வருடம் என்னை வைத்திருந்தீர்கள். "கை இல்லடி" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவ்வளவுதான். உங்களைத் திட்டித் தீர்த்து நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்ததில் என்னையே திட்டியதுபோல் இருந்தது, கிழித்துவிட்டேன்.

ஏனென்றால் அம்மாவின் மூட்டுவலி மாசியிலேயே சரியாகிவிட்டது. ஃப்ரீசரை ஒரே நாளில் காலி செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் எழுதிய காரணங்களும் அப்படித்தான்.

எனக்கு அங்கே வர விருப்பமில்லை. நீங்கள் போன முதல் வருடத்திலிருந்தே இல்லை. சொன்னால் உங்கள் முகம் வாடிவிடுமே என்று சொல்லாமல் இருந்தேன். நீங்களும் ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருகிறாய் என்றுதான் கேட்டீர்கள். வருகிறாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா தெரியாது.

இப்போது சொல்லிவிட்டேன். நான் வரவில்லை.

ஈஸ்ட்டம்மா