ரெஜினாவின் கல்

23 அக்டோபர் 2022, ஞாயிறு

புதிய சாமியார் இன்று பிரசங்கத்தில் இயேசுவை "மாபெரும் மனிதநேயத் தலைவர்" என்றார். பூசை முடிந்ததும் நேரே போய்க் கேட்டுவிட்டேன். "சாமி, தலைவருங்க தெருவுக்குத் தெரு பேனர்ல இருக்காங்க. இவர் கடவுள். ஆரம்பமே இல்லாதவர். அதைச் சொல்லாம விட்டா எப்படி?"

சிரித்தார். "அம்மா, கிறிஸ்து அரசர் திருநாளுக்கு ரெண்டாம் வாசகம் நீங்களே படிங்க. நீங்க சொல்றது மொத்தமும் அதுல இருக்கு. எனக்குப் பிரசங்கம் மிச்சம்."

நவம்பர் இருபதாம் தேதி. ஒப்புக்கொண்டேன். மறைக்கல்விக்குக் கான்வென்ட் மதர் கையால் பதக்கம் வாங்கியவள் இந்த மந்தைவெளியில் வேறு யார் இருக்கிறாள்?

நாளை தீபாவளி. இப்போதே தெருவெல்லாம் புகை.

27 அக்டோபர்

செண்பகம் பாத்திரம் தேய்க்க வந்தவள் மேசையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "யாரும்மா வந்துட்டுப் போனது? ரெண்டு தம்ளர் கீது."

யாரும் வரவில்லை. ஒன்று நான் குடித்தது. மற்றதன் அடியில் கரையாத சர்க்கரை. இந்த வீட்டில் சர்க்கரை போட்டுக் காபி குடித்த என் கணவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

தம்ளரை நானே கழுவி வைத்தேன்.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். காலையிலிருந்து மழை. குடையும் சாமந்தியுமாகப் போனேன்.

அவர் இறந்தபோதே அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் செதுக்க வைத்திருந்தேன். எனக்குப் பிறகு யார் எப்படிக் கிறுக்குவார்களோ என்ற பயம். "ரெஜினா சவரிநாதன், 1946 –". கோட்டுக்குப் பின்னால் இடம் விட்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வருவேன்.

இன்று அந்த இடம் காலியாக இல்லை. 2022 என்றிருக்கிறது.

விரலை வைத்துப் பார்த்தேன். ஆழமாக, சுத்தமாக வெட்டியிருக்கிறது. பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது.

பூவை வைத்தேனா, திரும்பக் கொண்டுவந்தேனா? கையில் இல்லை.

5 நவம்பர்

கல்லறை வாசலில் கல் செதுக்கும் நெடுஞ்செழியனிடம் போனேன். முன்பு கல்லைச் செய்தது அவன் அப்பா. இவனை நான் பார்த்ததில்லை. அவனோ என்னைக் கண்டதும் உளியைக் கீழே வைத்து எழுந்தான்.

"வாம்மா. மறுபடியும் இன்னா கொற கண்டுபுடிச்ச?"

"நாலாவது வரிசைக் கல்லுல வருஷம் போட்டது யாரு?"

"நாந்தான். நீதான போடச் சொன்ன."

"நானா?"

"ரெண்டு மாசம் முன்னாடி வந்தியே. அக்கா தவறிட்டாங்க, நான் தங்கச்சி, வருசத்தப் போட்டுருன்னு சொன்ன. பக்கத்துலயே நின்னுகினு, ரெண்டுங்கற நம்பரு சரியா வளையலன்னு என்னை இன்னா திட்டு திட்டின! அதுக்குள்ள மறந்துட்டியா?"

எனக்குத் தங்கை கிடையாது. அக்காவும் கிடையாது. என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை.

6 நவம்பர்

இதே நாட்குறிப்பைப் பின்னால் புரட்டினேன். செப்டம்பர் 17. ஒரே வரி.

"ரெஜினாவின் வேலை முடிந்தது. கல் நன்றாக வந்திருக்கிறது."

கையெழுத்து என்னுடையது. மதர் அடித்துத் திருத்திய அதே சாய்வு. எழுதிய நினைவு எனக்கில்லை.

அப்படியென்றால் யாருடன் காபி குடித்தேன்?

9 நவம்பர்

செண்பகத்திடம் கேட்டேன், நான் தனியாகப் பேசுகிறேனா என்று. துடைப்பத்தை நிறுத்தினாள். "தனியா இல்லம்மா. ரெண்டு பேரு பேசுற மாதிரி பேசுவ. ஒருத்தரு திட்டுவாங்க, ஒருத்தரு சரி சரிம்பாங்க. எனக்கே பயமா இருக்கும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்னைத்தான் திட்டுவ."

12 நவம்பர்

மகள் நிஷா அடையாறிலிருந்து வந்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். செண்பகம்தான் போன் செய்திருக்கிறாள். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லி, பிறகு கேட்டார். ஒன்றுதான் வந்தது. வேறு எதையோ பேசி மழுப்பினேன். அவர் ஏமாறவில்லை.

மறதி நோய். ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம்.

காரில் நிஷா சொன்னாள். "மம்மி, இனிமே எங்க வீட்டுலயே இருங்க. வாசகம் வேண்டாம்னு நான் சாமிகிட்ட சொல்லிடறேன்."

"சொன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

வீடு போகட்டும். வாசகத்தையும் விட்டுவிட்டால் நான் யார்?

18 நவம்பர்

வாசகத்தை உரக்கப் படித்துப் பழகுகிறேன். காணப்படுவதும் காணப்படாததும் எல்லாம் அவரால் உண்டானவை. எல்லாவற்றுக்கும் முன்பே அவர் இருந்தார். சிம்மாசனமோ அதிகாரமோ அவருக்கு மேலே எதுவும் கிடையாது. இதெல்லாம் எனக்குப் பாலபாடம். இதற்குத்தான் பதக்கம் வாங்கினேன்.

ஆனால் இன்று வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன். எல்லாம் அவரில்தான் சிதறாமல் நிற்கிறது என்று வருகிறதே, அந்த இடம். ஐம்பது வருடமாக அதை நல்ல உச்சரிப்போடு படித்திருக்கிறேன். ஒருநாள்கூட அது எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஆண்டவரே, தங்கை என்று சொல்லிக்கொண்டு போனாளே, அவளையும் உமக்குத் தெரியுமா?

20 நவம்பர், கிறிஸ்து அரசர் திருநாள்

படித்தேன். ஒரு தடுமாற்றம் இல்லை. கோயில் முழுக்க ஆள், ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. நான் முடித்ததும் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். அதன் எதிரொலி போல இன்னொரு "நன்றி" முன்பே எப்போதோ கேட்ட ஞாபகம். நான் படித்தது ஒரு தடவைதானே?

திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

21 நவம்பர்

நிஷாவை உட்காரவைத்துக் கேட்டேன். பொய் சொல்லாதே என்றேன்.

"ரெண்டு தடவை படிச்சீங்க மம்மி. முடிச்சு, எல்லாரும் நன்றி சொன்ன பிறகு, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சீங்க."

"சிரிச்சாங்களா?"

"இல்ல. சாமி எழுந்து நின்னார். அவரைப் பார்த்து எல்லாரும் நின்னாங்க."

"நற்செய்திக்குத்தான் எழுந்து நிக்கணும். வாசகத்துக்கு உட்காரணும். இதுகூடத் தெரியாதா அவருக்கு?"

நிஷா சிரித்தாள். பிறகு அழுதாள். நானும்தான் — இனி அந்த மேடையில் ஏற மாட்டேன் என்று நானே அவளிடம் சொன்னேன்.

நேற்றைய நற்செய்தியில் சிலுவையில் தொங்கும் கள்ளன் வருகிறான். பக்கத்தில் செத்துக்கொண்டிருப்பவரை அரசர் என்று கண்டுகொண்டவன் அவன் ஒருவன்தான். பதக்கமா வாங்கினான்? அவன் கேட்டதும் ஒன்றே ஒன்று. தன்னை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னான்.

எவ்வளவு புத்திசாலி!

25 நவம்பர்

நெடுஞ்செழியன் வந்தான். நிஷாதான் வரச் சொல்லியிருக்கிறாள். வருடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நல்ல வேலையைக் கெடுக்கக்கூடாது. அந்த இரண்டு அழகாகத்தான் வளைந்திருக்கிறது. அதையும் சொன்னேன்.

"இப்பச் சொல்றியேம்மா!" என்றான்.

10 டிசம்பர்

நேற்றைய புயலில் தெருவில் மரம் விழுந்துவிட்டது. நிஷா என்னை அடையாறுக்கு அழைத்து வந்துவிட்டாள். நானே பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

14 பிப்ரவரி 2023

காபியில் சர்க்கரை இருந்தது. நன்றாக இருந்தது.

2 நவம்பர் 2023

தேதி நிஷா சொன்னாள். நிஷா நல்ல பெண். கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள்.

கல்லறைக்குப் போனோம். அவருக்குச் சாமந்தி வைத்தேன். அவர் பெயருக்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர். ரெஜினா. போன வருடம்தான் இறந்திருக்கிறாள். வேலை சுத்தம். எழுத்துப்பிழை இல்லை.

அவளுக்கும் இரண்டு பூ வைத்து ஜெபம் சொன்னேன். முழுவதும் வந்தது, ஒரு சொல் விடவில்லை.

"இந்தம்மா யாருன்னு தெரியுதா?" என்று நிஷா கேட்டாள்.

"எனக்குத் தெரியலை. ஆண்டவருக்குத் தெரியும். கல்லுக்கும் பேருக்கும் முந்தியே இருக்கிறவராச்சே," என்றேன். "இவளைப் பத்தி நீ கவலைப்படாதே."

நிஷா ஏன் அழுதாள் என்று தெரியவில்லை. என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.