ஓடைச் சோலைக்கு வந்த கோடாலி

1974 மாசி, வெள்ளி இரவு.

விளக்கைத் தணித்து ஒளித்து எழுதுகிறேன். ஓடை பிறக்கும் சோலையில் இந்த மலைக்குடிகளான முதுவர்கள் மரம் வெட்டமாட்டார்கள். அங்கே வெட்ட அப்பா ஆள் பேசியதை, என்னோடு படிக்கும் முதுவப் பெண் காளியிடம் நான்தான் சொன்னேன். தெரிந்தால் அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார்.

காலையில் அவர்கள் குடியே வந்து, குழந்தைகளை முதுகில் கட்டியபடி, மரத்துக்கு ஒருவராக நின்றது. வெட்ட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள்.

"அவங்ககிட்ட யாரு போய்ச் சொன்னது?" என்று சாப்பிடும்போது அப்பா கேட்டார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

"நாந்தான்" என்று அம்மா பொய் சொன்னாள். "சோலை போச்சுன்னா நம்ம பூண்டுத் தோட்டத்துக்கு ஏது தண்ணி? எங்கப்பன் வீட்டுலருந்து சுமந்து வரவா?"

"உங்கப்பன் வீட்டுல குடிக்கவே தண்ணி கிடையாதே!" அப்பா சிரித்துவிட்டார். "சரி, நிக்கட்டும் போ."

அம்மா என்னைப் பார்க்காமலே எனக்கு இன்னும் குழம்பு ஊற்றினாள். இப்போது அடுத்த அறையிலிருந்து இருமுகிறாள். விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.