நீலம் என்றால் தண்ணீர்

அம்மா,

இன்று மதியம் போனைச் சரிசெய்ய வேங்கிக்காலில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகும் வாடை மூக்கில் ஏறியதும், தம்பி குமரன் நம் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து உனக்காக அந்த விளக்கைச் செய்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. கூடவே எரிச்சலும். நீ போன பிறகும் அது போகவில்லை.

பக்கவாதத்தில் உன் பேச்சும் வலது பக்கமும் போய், இடது கை மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. புருவம் சுருங்கினால் வலி, உதட்டை மடித்தால் தாகம், ஜன்னலைப் பார்த்தால் புழுக்கம் என்று உன்னைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வருகிறவர்கள் எல்லாம் "என்ன சொல்றாங்க?" என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

சென்னையிலிருந்து தம்பி லீவில் வந்தான். உன் மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை, அதில் சின்னச் சில்லும் பேட்டரியும். ஜன்னலில் வைக்க, தயிர் டப்பாவுக்குள் ஒரு கலர் பல்பு.

"கைய எந்தப் பக்கம் சாய்க்கிறாங்கனு இது கண்டுபிடிக்கும்க்கா. ஒயரே வேணாம். இடது பக்கம்னா நீலம், தண்ணி. வலது பக்கம்னா சிவப்பு, வலி. தூக்கினா பச்சை, யாராவது வாங்கனு அர்த்தம்."

முதலில் உன் கைநடுக்கத்துக்கே விளக்கு கன்னாபின்னாவென்று மாறியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவன் விடவில்லை. கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தால்தான் நிறம் மாறும்படி லேப்டாப்பில் திருத்தினான். நீ சாய்த்தாய். நீலம். அவன் தண்ணீர் கொடுத்தான். கோணிய வாயோடு அவனைப் பார்த்துச் சிரித்தாய். அத்தனை மாதம் ஊட்டிவிட்ட எனக்கு அந்தச் சிரிப்பு கிடைத்ததில்லை.

பிறகு ஒரு பௌர்ணமி. வேலை முடிந்து வரும்போது பஸ்ஸை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ தாகத்தில் தவிப்பாயே என்று கிரிவலக் கூட்டத்தில் புகுந்து அடி அண்ணாமலை வரை ஓட்டமும் நடையுமாக வந்தேன். எதிர்வீட்டு சாந்தி அக்கா நம் வாசலில் நின்றிருந்தார்.

"ஏன்டி இப்படி மூச்சு வாங்க ஓடியாற? நீலம் எரிஞ்சுது, நானே தண்ணி குடுத்துட்டேன். இப்பல்லாம் உங்கம்மா சொல்றது எனக்கே புரியுது."

உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இனிமே நான் எதுக்கும்மா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

நீ மணிக்கட்டை மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சுழற்றினாய். நீலம், பச்சை, சிவப்பு.

"தண்ணியா? வலிக்குதா?"

இல்லை. மறுபடி சுழற்றினாய். நான் புரியாமல் விழிப்பதைப் பார்த்து, அந்தக் கையைத் தூக்கி என் மடியில் போட்டாய்.

அதன்பின் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே ஜன்னலில் மூன்று நிறமும் ஓடும். வேறு யாருக்கும் நீ அப்படிக் காட்டியதில்லை. அடுத்த லீவில் வந்த குமரன், "சென்சார் லூசாயிடுச்சு போல" என்று பட்டையைக் கழற்றப் பார்த்தான். நீ கையை மார்போடு இழுத்துக்கொண்டாய்.

உன் காரியம் முடிந்ததும் விளக்கைக் கேட்டான். அவன் செய்தது, கொடுத்துவிட்டேன். சென்னையில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறானாம்.

இன்று சரிசெய்த போனில் முதலில் வந்தது அவன் அழைப்புதான். "அக்கா, அம்மா கடைசில கைய சுத்திக்கிட்டே இருந்தாங்களே, அது என்னக்கா? அதுக்கு நான் எதுவும் வைக்கலயே."

அவன் குரல் உடைந்திருந்தது. சொல்லியிருக்கலாம்.

"தெரியலடா" என்றேன்.

நல்ல பிள்ளை அவன். நீ தண்ணீர் கேட்க ஒரு வழி செய்து கொடுத்தவன். அவன் வைத்த அர்த்தங்களெல்லாம் அவனுக்கே இருக்கட்டும். நீயாக எனக்கென்று வைத்தது ஒன்றுதான், அது என்னிடம் இருக்கிறது. அதில் மட்டும் அவனுக்குப் பங்கு தர மாட்டேன் அம்மா. கோபித்துக்கொள்ளாதே.