கழற்றி வைத்த ட்ரிப் சுவிட்ச்

நல்லதண்ணி,
5.3.2002

அன்பு மகன் நிரோஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் உயிருக்கும் உடம்புக்கும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அதை முதலில் படித்து மனதை ஆற்றிக்கொள். கட்டாரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டுமென்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கொமியுனிகேஷன் கடைக்கு எடுத்த டெலிபோன் கோல் பாதியில் அறுந்துபோய்விட்டது. "நம்ம கடையில கரண்ட் அடிச்சு ஒரு பொம்பள விழுந்துட்டாங்களாமே" என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது, நான் சொன்ன பதில் உனக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. அரைகுறையாகக் கேட்டுவிட்டு அங்கே கிடந்து தவிப்பாயே என்று எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மலை யாத்திரை சீசன் முழுக்க ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் வெட்டுகிறார்கள். நீ சொன்னபடி ஹட்டனில் வாங்கிய இன்வெர்ட்டர் நல்ல சாமான்தான், கரண்ட் போனதும் பெட்டரியிலிருந்து பல்பெல்லாம் எரியும். ஆனால் பெட்டரி நிரம்புகிற அளவுக்குக் கரண்ட் இருந்தால்தானே. அது பாதி நிரம்புவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். மலைக்கு வருகிறவர்கள் இருட்டுக் கடையைத் தாண்டி வெளிச்சமுள்ள கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று அப்பா, கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற நல்லமுத்து அண்ணனிடமிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். அதை இன்வெர்ட்டரோடு சேர்த்துப் பெட்டரியை நிரப்பலாமென்பது அவர் கணக்கு. அங்கேதான் வந்தது தொல்லை. ஜெனரேட்டரில் நேராக ஒரு பல்பைப் போட்டால் எரிகிறது. இன்வெர்ட்டரும் தனியாக ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டையும் சேர்த்த அந்த நிமிடமே ஜெனரேட்டர் பெட்டியிலிருக்கிற, ஆபத்தென்றால் தானாகக் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்துவிடும். நான் டோர்ச் பிடிக்க, அப்பா நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினார். ட்ரிப் சுவிட்ச் பழுதென்று நினைத்துப் புதிது ஒன்று போட்டார், அதுவும் விழுந்தது. கேபிளை மாற்றினார், ஈரமாக இருக்குமென்று பிளக்கையெல்லாம் அடுப்பங்கரையில் காயவைத்தார், கடைசியில் பல்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சேர்த்துப் பார்த்தார். ஒரு பல்புகூட இல்லாமலே விழுந்தது. நல்லமுத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என் ஜெனரேட்டர் நூறு கல்யாணம் பாத்தது, ஒங்க இன்வெர்ட்டர்லதான் கோளாறு" என்று போய்விட்டார்.

பௌர்ணமி போயாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். அத்தனை நாள் வராத மழை அன்றைக்கென்று கொட்டுகிறது, பஸ் பஸ்ஸாக ஆட்கள் நனைந்துகொண்டு வந்து இறங்குகிறார்கள், கரண்ட் இல்லை, பெட்டரியும் செத்துவிட்டது. அப்பா மறுபடி சேர்த்துப் பார்க்கிறார், மறுபடி விழுகிறது. நிரோஷன், இப்போது எழுதப் போவதை ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. "ஏங்க, அந்தச் சனியனக் கழட்டி ஓரமா வச்சிட்டு வயர நேரா குடுங்க" என்று சொன்னது நான்தான். அப்பா, "வேணாம் வடிவு, அது சும்மா விழாது, எங்கயோ என்னமோ இருக்கு" என்றார். நான் விடவில்லை. "முப்பது வருசம் தேயில ஸ்டோர் எஞ்சின் ரூம்ல என்னத்தத்தான் படிச்சீங்க" என்று வெளியூர் ஆட்கள் அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கடை முழுக்க வெளிச்சம் வந்ததும் எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா, பார்த்தீங்களா என்றுகூடக் கேட்டேன்.

அரை மணி நேரம் போயிருக்காது. வெள்ளை உடுப்பில் ஒரு சிங்கள அம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும், புருசனோடு தேத்தண்ணி குடிக்க வந்தார். வெறுங்கால், உச்சி முதல் பாதம் வரை ஈரம். ஒரு கையில் கோப்பையை வாங்கிக்கொண்டு மற்றக் கையைத் தகரம் அடித்த மேசை மேல் வைத்தார், அவ்வளவுதான். கத்தவில்லை. கோப்பை விழுந்தது, வாய் கோணியது, கை தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. வலிப்பு என்று நினைத்து நான் பிடிக்கப் போனேன். அப்பா, "தொடாத!" என்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மழையில் ஓடிப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். எல்லாம் இருட்டாகி, அந்த இருட்டில் அந்த அம்மா கீழே விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன். புருசன்காரர் நெஞ்சை அமுக்கி, வாயில் வாய் வைத்து ஊதி, கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது. ஒரு வேனில் மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அப்பாவும் கூடவே ஏறினார். சுற்றி நின்றவர்கள் சிங்களத்தில் என்னென்னவோ பேசினார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது, விளங்கின பாதியே போதுமாயிருந்தது. கடைப் பலகையைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன், மழை ஓட்டில் விழும் சத்தமெல்லாம் ஆட்கள் வருகிற மாதிரியே இருந்தது. விடிந்த பிறகுதான் அப்பா வந்தார். "பேசுறாங்க. கை மட்டும் வெந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் அந்தப் புருசன்காரர் ஒரு பையோடு வந்து நின்றார். பொலிசைக் கூட்டி வந்துவிட்டாரென்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பையைத் திறந்தால் மீட்டரும் குறடும். பெயர் விமலசேன, பொல்பிட்டிய பவர் ஸ்டேஷனில் வேலையாம். "என் நோனா வீட்டுக்கு வந்தாச்சு. நான் கோவம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மொதல்ல இத பாக்கணும்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். இன்வெர்ட்டரைக் கடை வயரிலிருந்து பிரித்து, ஜெனரேட்டரோடு மட்டும் சேர்த்தார், ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. கடை வயரைத் தொடுத்தார், விழுந்தது. பிறகு மெயின் சுவிட்சைக் காட்டினார். அது அணைத்தாலும் ஒரு வயரைத்தான் வெட்டுமாம், கரண்ட் திரும்பிப் போகிற மற்ற வயர் தெருக் கம்பத்து லைனோடு ஒட்டியே இருக்குமாம். கம்பத்தில் அந்த வயரைப் பூமியோடு சேர்த்திருக்கிறார்கள், ஜெனரேட்டருக்குள்ளும் அதேபோலச் சேர்த்திருக்கிறது. அப்படி இரண்டு இடத்தில் சேர்ந்தால் திரும்புகிற கரண்ட் பாதி வயரிலும் பாதி பூமி வழியாகவும் போகுமாம். போனது அத்தனையும் வயரில் திரும்பி வராததால் எங்கோ ஒழுகுகிறதென்று ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. "அது நல்ல சாமான் ஐயா, நீங்கதான் வாய மூடிட்டீங்க" என்றார். மேசையைக் கழற்றினால், தகரம் அடித்த ஆணி ஒன்று உள்ளே போகும் பல்பு வயரைக் குத்திக்கொண்டு நிற்கிறது. ட்ரிப் சுவிட்ச் இருந்திருந்தால் அந்த அம்மா கை வைத்த கணமே விழுந்திருக்கும். கழற்றச் சொன்னது நானென்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அவரே மஸ்கெலியாவுக்குப் போய், இரண்டு வயரையும் சேர்த்து வெட்டுகிற மாற்றுச் சுவிட்ச் வாங்கி வந்து பூட்டினார். ட்ரிப் சுவிட்சை அதன் இடத்தில் வைத்தார், குத்துப்பட்ட வயரை மாற்றி மேசையை விட்டுத் தூரமாக இழுத்தார். ஜெனரேட்டரைப் போட்டதும் ஒன்றும் விழவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் கையையே தகரத்தின் மேல் வைத்து, "இப்ப தே குடுங்க" என்றார். சீனியைக் கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பொலிசுக்குப் போகவில்லை என்று குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

அன்றிலிருந்து அப்பா ஒரு சுவிட்சையும் தொடுவதில்லை, பல்பு போடவும் என்னைத்தான் கூப்பிடுகிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆட்கள் "சிவசாமி செஞ்ச வேல" என்று பேசுவது அவர் காதில் விழுகிறது, அவரோ ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இதுவரை உனக்கு எழுதியதை மனசு கேட்காமல் அவருக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். பிறகு, "நீ கழட்டச் சொன்னது உண்மதான். கழட்டுனது என் கை. ரெண்டையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நீ எட்டுப் பேர் இருக்கிற அறையில் ஒரே பிளக்கில் அடுப்பும் ஃபேனும் போட்டிருக்கிறோமென்று சொன்னாயே, இன்றைக்கே அதைப் பிரித்துப் போடு ராசா. ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது அப்பாவைக் கூப்பிடச் சொல், என்னை வேண்டாம், அவரோடு பேசு. மாரியம்மன் உன்னைக் கண்ணிமைபோலக் காக்கட்டும், நீண்ட ஆயுளோடு நல்லாயிரு.

இப்படிக்கு,
உன் அம்மா சண்முகவடிவு