யதுல்லா அடிக்காத மணி

மெஹர் மாசம் 5

இல்லண்ணா, நான் சொல்றதைக் கேளு, உன் பிள்ளையைத் திட்ட இன்னைக்கு எழுதலை. நீ மண்ணுக்குள்ள போய் நாலு வருஷமாச்சு, உனக்கு வேற யார் சொல்லுவா? ஜம்ஷித் மறுபடியும் கோதாவுக்குப் போறான். ரெண்டு வருஷத் தடை முடிஞ்சிருச்சு.

ஊக்க மருந்து ஊசி போட்டுக்கிட்டது ஒரு பாவம்னா, மாட்டினதும் "யதுல்லாதான் தேய்க்கிற எண்ணெய்ல எதையோ கலந்தார்"னு சொன்னானே, அது பெரும்பாவம். பத்து வருஷம் இவனுக்கு உடம்பு பிடிச்சு விட்ட மனுஷன். குஸ்தி அணியில அவர் வேலை போச்சு. பின்னால இவனே விசாரணையில ஒத்துக்கிட்டான், ஆனா கொட்டின சொல்லை அள்ள முடியுமா? அவன் பெண்டாட்டி நஸ்ரினும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

மெஹர் 6

கோதா நம்ம சுவருக்கு அந்தப் பக்கந்தானே. பொம்பளைங்க உள்ள போகக்கூடாது. காதுக்கு யார் தடை போட்டா? யதுல்லாதான் இப்பவும் அங்கே மேடையில உட்கார்ந்து மேளம் தட்டுறார். பெரிய பயில்வான் நுழைஞ்சா தலைக்கு மேல தொங்குற மணியை அடிப்பார். முன்னெல்லாம் நம்ம பையன் போனா அந்தச் சத்தத்துல என் டீ கிளாஸே அதிரும்.

இன்னைக்கு அவன் உள்ள போறதை என் கண்ணால பார்த்துட்டு ஓடி வந்து சுவத்துல காதை வச்சேன். மணி அடிக்கலை. மேளமும் நின்னுபோச்சு.

ஆபான் 2

கறிக்கடை ஹஷ்மத் சொன்னான் — உலகப் பதக்கம் வாங்கினவன் வாசல் ஓரமா, நேத்து சேர்ந்த பொடியனுங்க நிக்கிற கடைசி இடத்துல நிக்கிறானாம். யாரும் சொல்லலை, தானாவே. "அத்தை, உங்க யானை பூனைங்களுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது"ன்னு சிரிச்சான். நிக்கட்டும்டா, அப்பவும் அது யானைதான்னுட்டு வந்தேன்.

ஆபான் 20

மனசு கேக்கலை. நேர்ச்சை வச்சு, குங்குமப்பூ போட்ட பாயசம் ஒரு கிண்ணம் யதுல்லா வீட்டுக்குக் குடுத்தனுப்பினேன். கிண்ணம் திரும்பி வர்றப்ப வெறுசா வரக்கூடாது, ரெண்டு கொத்துப் புதினாவாவது இருக்கணும். வந்துச்சு — கழுவித் துடைச்சு, வெறுங்கிண்ணமா.

ஜம்ஷித்துக்குக் கோபம். அவர் மேல இல்லை, என் மேல. "பாயசம் குடுத்தா மன்னிப்பு கிடைக்குமா அத்தை? அழுக்கு பண்ணினவன் நான். நான்தான் கழுவணும்."

ஆபான் 21

நாப்பது பேருக்கு முன்னாடி, கோதாக் குழிக்குள்ள நின்னு, பயத்துல பொய் சொன்னேன்னு யதுல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கான்.

அவர் சொன்னாராம்: "ஊரே பார்க்கிறப்ப உண்மை பேசுறது சுலபம் ஜம்ஷித். உண்மை பேசினா நஷ்டம்னு வரும் பாரு, அன்னைக்கு நீ என்ன பேசுறேன்னு பார்ப்போம்." மறுபடி மேளந்தானாம்.

கல்நெஞ்சு. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும் — அவர் சொன்னதுலயும் ஞாயம் இருக்கு.

தெய் 8

விடியுறதுக்குள்ள வயல் வரப்புல ஓடிட்டு வந்தான், புருவமெல்லாம் பனி. முப்பத்து மூணு வயசு. மாஷா அல்லாஹ்.

பஹ்மன் 14

இன்னைக்கு ஸாரி நகரத்துல குஸ்திப் போட்டி. ஹஷ்மத் வீட்டு டி.வி.யில பார்க்கப் போறேன். எழுத வரலை.

பஹ்மன் 16

அண்ணா, நீ பார்த்திருக்கணும். இறுதிச் சுத்து, ரெண்டு பேரும் சமம், அரை நிமிஷம் பாக்கி. பிடியில இவன் குதிகால் வட்டத்துக்கு வெளியே போயிருச்சு. நடுவர் பார்க்கலை, யாருமே பார்க்கலை. இவன் பிடியை விட்டுட்டுக் கையைத் தூக்கினான். குனிஞ்சு, கால் பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினான். நான் முக்காட்டை வாயில திணிச்சுக்கிட்டேன். இப்படி ஒரு பிள்ளையா நம்ம வீட்டுல!

இன்னைக்குச் சாயங்காலம் கோதாவுக்குப் போனான். வழக்கம்போல வாசல் ஓரத்துலயே போய் நின்னானாம்.

மணி அடிச்சுது அண்ணா. நின்னு, மறுபடியும் அடிச்சுது. நான் சுவத்துல நெத்தியை வச்சுக்கிட்டு அழுதேன். யதுல்லா குரல் சுவத்தைத் தாண்டிக் கேட்டுச்சு: "அங்கே என்ன வேலை உனக்கு? நடுவுல வா, பயில்வான்."

ஊர் ஜனமே வாசல்ல. நஸ்ரின் குழந்தையைப் போன்ல பேச வச்சா. இனிப்பு குடுத்துக் கை ஓய்ஞ்சுபோச்சு.

தொழப் போனவ பாதி வழியில திரும்பி வந்தேன். ஒண்ணை எழுத மறந்தே போயிட்டேன். கால் வட்டத்துக்கு வெளியே போனா எதிராளிக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியிலதான் அவன் தோத்தான். வெள்ளிதான் கிடைச்சுது.